தேன்சிட்டு என்று நான் சொன்ன அந்துப்பூச்சி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தானின் அன்பும் ஆசியும். இங்கு நான் நலம், செடிகளும் நலம். உங்கள் அக்காவும் நலமாகத்தான் தெரிகிறாள். என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

மாலையில் பால்கனிப் பூந்தொட்டிக்கு ஒன்று வந்து, அந்தரத்தில் நின்றபடியே பூவுக்குப் பூ தேன் குடிப்பதைப் பார்த்து நான் தேன்சிட்டு என்றேன். ரயில் ஓட்டிய கண், எத்தனை தூரத்து சிக்னலும் தப்பாது. உங்கள் அக்காவோ ஊசியில் நூல் கோத்தே பழகியவள், "அது அந்துப்பூச்சிங்க, அதோட புழுதான் என் செடிய மொட்டையடிக்குது" என்று மருந்து பாட்டிலோடு வந்துவிட்டாள். நான் தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன், பறவையைக் காப்பாற்ற ஆள்பலம் வேண்டுமே என்று மாடி வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டேன், அத்தனை பேர் முன்னிலையிலும் "பறவைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவளோட என்ன பேச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன். பேச்சு அன்றோடு நின்றது.

அந்தக் கூட்டத்திலேயே எதிர்வீட்டுப் புகைப்படக்காரர், அது தேன் குடிக்கும்போது தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "சார், தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில உக்காந்துதான் குடிக்கும். அதுக்கு வளைஞ்ச அலகு, ரெண்டு கால். இதுக்குப் பாருங்க, ஆறு கால், தலையில உணர்கொம்பு. நீங்க அலகுன்னு சொன்னது நாக்கு. குடிச்சதும் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டிக்கும்."

"வாலில இறகு இருக்கே?"

"மயிர்க்கத்தை சார் அது."

மாடி வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். உங்கள் அக்கா சிரிக்கவில்லை. படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள், மருந்து பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்தாள், புழுக்களுக்கென்றே ஒரு தொட்டியை ஒதுக்கிவிட்டாள். ஜெயித்தவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டில் சாப்பாடு மேஜைக்கு வருகிறது, குரல்தான் வருவதில்லை. ஆகவே நீங்கள் அவசியம் வந்து, அத்தான் ரொம்ப வருத்தப்படுகிறார் என்று நீங்களாகவே சொல்வதுபோல் சொல்ல வேண்டும்.

வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். உங்கள் பால்கனிக்கு எதுவும் பறந்து வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: வர வேண்டாம். உங்கள் அக்கா என் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். "மன்னிப்புக் கேக்கறதுக்குத் தம்பி எதுக்கு? நான் இங்கதானே நிக்கிறேன்" என்றாள். கேட்டேன். "சரி விடுங்க" என்றாள். பிறகு பால்கனியிலிருந்து, "ஓடி வாங்க, நிஜத் தேன்சிட்டே வந்திருக்கு!" என்று ஆசையாகக் கூப்பிட்டாள். பாழாய்ப்போன வாய், "கால் எத்தனைன்னு எண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டது. கிடைக்கிற முதல் பஸ்ஸில் புறப்பட்டு வரவும்.