சட்டியில் கல்லைப் போட்டவன் குமரேசன்

குமரேசன் ஒரு கோழை. இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் என்னைக் கண்டால் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அதனால் எழுதுகிறேன்.

சமீபத்தில் இந்த நாட்டில் ஏதாவது ஒரு தமிழ்க் கல்யாண விருந்துக்குப் போயிருந்தால் என் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சாப்பாடு முடிந்து டிஜே சத்தத்தைக் கூட்டுவான். ஒரு பொம்பளை கோபமாகக் கத்துவாள்: "தம்பி, இது பாட்டா? சட்டியில கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு! சட்டியில கல்லு! சட்டியில கல்லு!" அப்புறம் டமடமவென்று அடி விழும். எல்லாரும் எழுந்து ஆடுவார்கள். அந்தக் குரல் என்னுடையது. அந்த வசனம் குமரேசனுடையது. இதுதான் வழக்கு.

நான் கோலா பிலாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல வருஷம் ஆகிறது. எங்கள் வரிசை வீடுகளில் தமிழில் பேசுகிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மகள் பினாங்கில். வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் கூப்பிடுவாள், போனை மேசையில் படுக்கப் போட்டுவிட்டுச் சமைப்பாள். அவள் வீட்டு ஃபேனை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை செய்வது கன்று நர்சரியில். பையில் மண் போடுவது, தண்ணீர் பாய்ச்சுவது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் பங்களாதேஷ்காரர்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்களிடம் சினிமா பேச முடியுமா? (ஒருமுறை கை கால் ஆட்டி ஒரு படத்தின் கதையைச் சொன்னேன். ரஃபிக் என்கிற பையன் எனக்கு வயிற்று வலி என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான்.)

அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வாரம். மற்ற நாளெல்லாம் அதற்குக் காத்திருப்பது.

குமரேசன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். ஞாயிறு வேன் சும்மா இருக்கும். அவன், அவன் பெண்டாட்டி தேவி, நான், மூன்று பேரும் சிரம்பானுக்குப் பகல் காட்சிக்குப் போவோம். டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம், அது என் இடம். அவித்த கச்சாங் கடலை நான் கொண்டுபோவேன். படம் எனக்கு முக்கியமே இல்லை. படம் முடிந்து ரஹாங்கில் மாமாக் டீக்கடையில் நுரை தள்ள ஆற்றிய தே தாரிக் குடித்துவிட்டு, புக்கிட் புத்துஸ் மேடு ஏறி இறங்கி வீடு வரும்வரை படத்தைத் திட்டிக்கொண்டே வருவோமே, அதற்குத்தான் நான் டிக்கெட் எடுத்தேன்.

"அக்கா, எப்படி படம்?" குமரேசன்தான் ஆரம்பிப்பான்.

"ஹீரோவுக்கு என் வயசு. அந்தப் பொண்ணுக்கு என் மக வயசு. அவன் அவளைத் தூக்குறப்ப எனக்கு அவன் இடுப்பு பிடிச்சுக்குமேன்னு பயமா போச்சு."

"ஃபைட்டு நல்லா இருந்துச்சு லா."

"எது? நம்ம தோட்டத்துல குலை வெட்டுறவன்கூட மத்தியானம் உக்காந்து சோறு திங்கிறான். இவன் காலையிலருந்து ஆள வெட்டிக்கிட்டே இருக்கான், ஒரு வாய் தண்ணி குடிக்கல."

குமரேசன் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரிப்பான். தேவி கண்ணைத் திறந்து, "எனக்குப் புடிச்சிருந்துச்சுக்கா" என்பாள்.

"நீ பேரு போடறப்பவே தூங்கிட்ட."

"அதான் புடிச்சிருந்துச்சு."

நான் படத்துக்கு மார்க் போடுவதே தேவியை வைத்துத்தான். அவள் தூங்கினால் படம் தோல்வி. முழித்திருந்தால் சுமார். அழுதால் வெற்றி. என் விமர்சனத்தைக் குரல் பதிவாகத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னவனும் குமரேசன்தான். தோட்டத்தைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்புப் படம் போடுவார்கள். இப்போதைய பாட்டுகளில் பாடுகிறவன் வாயைத் திறப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது, அவனுக்கு அப்படி என்ன அவசரம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமா என்று நான் கேட்டதை யாரோ மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தலை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது சரணைச் சொல்ல வேண்டும். சரண் தேவியின் தம்பி. பஹாவில் டயர் கடையில் வேலை. பாட்டுக்காரன் ஆக வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒருவன் இருப்பான், தப்பில்லை. அவன் சொந்தமாக ஒரு பாட்டுச் செய்து, கோயில் திருவிழாவில் வெளியீடு என்று ஏற்பாடு ஆனது. அதற்கு முந்தின ஞாயிறு தேவிக்குக் காய்ச்சல், படத்துக்கு வரவில்லை. திரும்பி வரும்போது குமரேசன், "அக்கா, மச்சான் பாட்டு வந்திருச்சு, கேக்குறீங்களா?" என்று வேனில் போட்டான்.

"பேபி" என்பதைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் எதுவோ உருண்டுகொண்டே இருந்தது. நான் மரியாதைக்குச் சும்மா இருந்தேன். நம் ஆட்கள் செய்ததை நாமே குறை சொல்லக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். எனக்கும் தெரியும்.

அவன்தான் ஆரம்பித்தான். "அக்கா, சட்டியில கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இல்ல?"

நான் சிரித்தேன். அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். புக்கிட் புத்துஸில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுச் சட்டையில் முகத்தைத் துடைத்தான். "சட்டியில கல்லு, சட்டியில கல்லு" என்று அவனே தாளம் போட்டான். "மேடையில யாராச்சும் இத அவன்கிட்ட சொல்லணும்க்கா. அப்பதான் அவனுக்குப் புத்தி வரும்" என்றும் சொன்னான். இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

திருவிழா அன்று அன்னதானம் முடிந்து, கோயில் மண்டபத்தில் வெளியீடு. சரண் கூலிங்கிளாசும் மாலையுமாக நின்றான். அவன் அம்மா முன் வரிசையில் பட்டுச் சேலையில். பாட்டைப் போட்டார்கள். கோயில் ஒலிபெருக்கியில் கேட்டபோது சட்டியும் பெரிதாகிவிட்டது, கல்லும் பெரிதாகிவிட்டது. பிறகு தலைவர்கள் ஒவ்வொருவராக ஏறி, "நம்ம தோட்டத்து மண்ணின் மைந்தன்" என்றார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். "நம்ம சினிமா விமர்சகர் செல்வி அக்கா ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த குமரேசன் என் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "போங்கக்கா. மனசுல உள்ளத அப்படியே சொல்லுங்க."

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒருவன் இப்படிச் சொன்னால், மனசில் உள்ளதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லு என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. ஏறினேன். மனசில் உள்ளதை அப்படியே சொன்னேன். அந்த நேரம் என் மனசில் இருந்தது குமரேசன் சொன்னது.

முதலில் சிலர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்து, குமரேசன் வேனில் போட்ட அதே தாளத்தையும் போட்டேன். "சட்டியில கல்லு! சட்டியில கல்லு!" அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது, நான்தான் நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டி மேலே கட்டியிருந்தார்கள். தோட்டம் முழுக்கக் கேட்டது. சரண் கூலிங்கிளாசைக் கழற்றினான். அவன் அம்மா அழ ஆரம்பித்தார். தேவி எழுந்து நின்றாள். அவளை அவ்வளவு முழிப்பாக நான் பார்த்ததே இல்லை.

நான் குமரேசனைப் பார்த்தேன். இப்போது எழுந்து ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். எழுந்தான். மேடைக்கு வந்தான். என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"அக்காவுக்கு வயசாயிருச்சு. இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் அவங்களுக்குப் புரியாது. மன்னிச்சிருங்க. ஆனா இந்தப் பாட்ட மொத தடவ கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

கைதட்டினார்கள். கண் கலங்கியது உண்மை. நான் சாட்சி.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கச்சாங் அவித்து, சேலை மாற்றி, தோட்டத்து வாசலில் நின்றேன். கோபம் ஒரு வாரத்தில் தணிந்திருக்கும் என்று கணக்கு. வேன் வந்தது. தேவி நேராகப் பார்த்தாள். குமரேசன் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல நடித்தான். வேன் நிற்கவில்லை. என் இடத்தில் சரணுடைய ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தார்கள். (எனக்கு ஒருநாளும் போடச் சொன்னதில்லை.)

மறுநாள் நர்சரியில் ரஃபிக் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி, "சத்தி கல்லு! சத்தி கல்லு!" என்றான். அவனுக்குத் தெரிந்த முதல் தமிழ். அன்று முழுக்க என்னிடம் வேறு யாரும் தமிழில் பேசவில்லை.

பஸ் ஏறித் தனியாக ஒரு படத்துக்குப் போனேன். நல்ல படம்தான் என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு ஜோடியின் பை இருந்தது. அது தூங்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் எதை வைத்து மார்க் போடுவது? திரும்பும்போது பஸ் நிலையத்தில் நின்று விமர்சனம் பதிவுசெய்து குரூப்பில் போட்டேன். எல்லாரும் கேட்டதற்கு அடையாளம் வந்தது. ஒருவரும் சிரிப்புப் படம் போடவில்லை.

சில மாதம் கழித்துச் சரண் மோட்டாரில் என் வீட்டுக்கு வந்தான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து வாசல் கூட்டுகிற விளக்குமாற்றைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அக்கா, உங்க வாய்ஸப் பாட்டுல போட்டுட்டேன். செம்மயா போகுது லா. கோவிச்சுக்காதீங்க."

நான் மேடையில் கத்தியதை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அதைப் பாட்டின் தலையில் ஒட்டியிருக்கிறான். போட்டுக் காட்டினான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பாட்டில் விளங்குகிற ஒரே இடம் அதுதான்.

"எப்படிக்கா அந்த லைன் தோணுச்சு உங்களுக்கு?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவன் போய் அக்காளிடம் சொல்வான், அந்த வீட்டில் சண்டை வரும், குமரேசன் அப்புறம் எந்த ஜென்மத்தில் எனக்கு வேன் கதவைத் திறப்பான்? "தானா வந்துச்சு தம்பி" என்றேன். அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

போன மாதம் போர்டிக்சனில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மேசையில் எனக்கு யாரையும் தெரியாது. சாப்பாடு முடிந்ததும் என் குரல் வந்தது. மண்டபமே எழுந்து, "சட்டியில கல்லு!" என்று என்னோடு சேர்ந்து கத்தியது. மாப்பிள்ளை ஆடினார். ஐயர்கூடத் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த பெண் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, இந்தக் கெழவி யாருன்னு தெரியுமா? செம்ம காமெடி" என்றாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

என் பேத்தி என்னைப் பாட்டி என்று கூப்பிடுவதில்லை. "சட்டிக்கல்லு பாட்டி" என்றுதான் கூப்பிடுகிறாள். இப்போது மகள் போனைச் சாய்த்து நிறுத்திவைக்கிறாள், நான் அதைக் கத்த வேண்டும், பேத்தி ஆட வேண்டும். ஆடி முடித்ததும் அவள் ஓடிவிடுவாள், மகள் சமைக்கப் போய்விடுவாள், நான் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்ப்பேன். என் குரல் எல்லாக் கல்யாணத்துக்கும் போகிறது. எனக்குச் சிரம்பான் வரைக்கும் போக ஒரு ஆள் இல்லை.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஜன்னல் ஓரத்துக்காக. ஸ்பீக்கர் பெட்டியை அவன் இன்னும் இறக்கவில்லை. இனி நான் எதற்கு மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

குமரேசா, இதை நீ படிக்காவிட்டாலும் தேவி படித்துக் காட்டுவாள். சட்டியில் கல்லு என்று முதலில் சொன்னது யார்? அன்றைக்கு வேனை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தாயே, அது எதற்கு? குரூப்பில் சொல்லு. உன் பெண்டாட்டியும் மச்சானும் மாமியாரும் பார்க்கிற இடத்தில், எழுத்தில் சொல்லு. கட்டைவிரல் படம் போட்டுத் தப்பிக்காதே.