உரித்தெடுத்த பொன்னாடை

ஒரு காட்டில், சிங்கம் ராஜா வேலையை விட்டுவிட்டுத் தலைவராகியிருந்த காலத்தில், கோமளம் என்ற முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு மழையில் நனைந்துகொண்டிருந்தது. குகை இருந்தது, உள்ளே போகத்தான் முடியவில்லை. மனிதர்களின் லாரி ஒன்று வாசலில் கவிழ்ந்து, குகை முழுக்கக் கதிரியக்கத் தூளைக் கொட்டிவிட்டது. அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ஆளை மட்டும் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். பாவி மனுஷன், சோற்றைக் கொட்டியிருந்தாலாவது புண்ணியம்.

யானை தண்ணீர் பீய்ச்சிக் குகையைக் கழுவ வந்தது.

"தாராளமா பீய்ச்சுங்க. எல்லாம் குளத்துக்குப் போகும், ஆளுக்கொரு வாய் குடிக்கலாம்" என்றது மாசிலாமணி. அது ஓர் உடும்பு. இந்த மாதிரி அழுக்கெடுப்பதுதான் அதன் தொழில்.

மாசிலாமணி தோசை மாவுப் பதத்தில் ஒரு பசையைக் குகை முழுக்கப் பூசிக் காயவிட்டது. பிறகு ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தது. ஆறின பாலில் ஆடை எடுப்பது போல மொத்தமும் தோலாய் உரிந்து வந்தது. தூள் அத்தனையும் அதில் ஒட்டியிருந்தது. கதிரியக்கம் இருந்தால் கத்தும் மீட்டர் ஒன்றை அது வைத்திருந்தது. அதைக் குகைக்குள் நீட்டினால் சத்தமில்லை. உரித்த தோலிடம் நீட்டினால் கடகடவென்று கத்தியது.

"அண்ணே, உள்ள போகலாமா?" என்றது கோமளம்.

"இந்தத் தோலைத் தூரமா புதைச்சாத்தான்மா போகலாம். வாசல்ல கிடந்தா குட்டிகளுக்கு ஆகாது."

புதைக்க யார் இடம் தருவார்கள்? "எங்க பக்கம் வேண்டாம்" என்றன கரடிகள். காட்டுப்பன்றிகள் வழியில் உட்கார்ந்து மறியலே செய்தன. கோமளத்தின் கதையைக் கேட்டு முதலில் கண்ணீர் விட்டதும் இதே பன்றிகள்தான். சின்னக் குட்டிக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சிங்கம் திறப்பு விழாவுக்கு வந்தது. சுத்தமான குகையைத் தலைவர் திறந்துவைக்காமல் யாராவது குடிபோக முடியுமா? மேடை, மைக், பேனர் எல்லாம் தயார். செயலாளர் நரி மட்டும் வேர்த்துக் கொட்டி நின்றது. பொன்னாடை வாங்க மறந்துபோயிருந்தது. வெறும் தோளோடு தலைவரை மேடையேற்றினால் நரிக்குப் பதவி இருக்காது.

நரியின் கண் வாசலில் கிடந்த தோலில் விழுந்தது. மஞ்சளாய், பளபளவென்று, ஜரிகை வைத்த மாதிரி இருந்தது.

"ஐயா, அது வந்து..." என்று மாசிலாமணி ஆரம்பித்தது. கோமளம் ஒரு முள்ளை அதன் காலில் ஏற்றியது.

"தலைவருக்குன்னே எடுத்து வெச்சதுங்க" என்றது கோமளம்.

நரி அதைச் சிங்கத்துக்குப் போர்த்தியது. மீட்டர் அலறியது. "மீட்டரே கைதட்டுது பாருங்க" என்றது நரி. கரடிகள் ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டன. மறியல் செய்த பன்றிகள் முண்டியடித்துக்கொண்டு வந்து பொன்னாடையின் நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. சிங்கத்துக்கு அந்தப் பளபளப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. போர்த்தியபடியே ஊர்வலமாய்த் தன் குகைக்குக் கிளம்பியது.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி, "அதைக் கழட்டிடுங்க தலைவரே" என்று கெஞ்சியது. தலைவரின் பொன்னாடையைக் கழற்றச் சொன்ன குற்றத்துக்காக அதைக் காட்டைவிட்டே விரட்டினார்கள்.

மாசிலாமணி விட்டுப்போன மீட்டரைக் கோமளம் வாசலில் நீட்டிப் பார்த்தது. சத்தமே இல்லை. குட்டிகளை உள்ளே கூட்டிப்போய் ஈரம் துவட்டிவிட்டது.

நீதி: புதைக்க யாரும் இடம் தராத விஷத்தைத் தூக்கிக்கொண்டு வீணாய் அலையாதீர்கள். மரியாதையாக மடித்து மேடைக்கு எடுத்துப் போங்கள். தலை குனிந்து வாங்கிக்கொள்வார்கள்.