வியாழக்கிழமை எட்டு அங்குலம்

இந்தக் குளிர்காலமும் பனி விழாமல் ஏமாற்றினால் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவது என்று நவம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு முடிவு செய்தேன். போன வருஷமும் அதே தேதியில் அதே முடிவைத்தான் எடுத்தேன். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான்.

என் முடிவுகளெல்லாம் ஒன்பது மணிக்குத்தான் பிறக்கும். அப்போதுதான் தோட்டத்தில் நிற்பேன். அங்கே நான்கு கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் இரண்டு வெப்பமானிகள், பக்கத்தில் மழையை அளக்க ஒரு செம்புக் குடுவை. பார்த்ததை நோட்டில் எழுதுவேன். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. மகள் கல்யாணத்தன்று கோட் சூட்டோடு மண்டி போட்டு மழை அளந்தேன். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் மணப்பெண்ணின் அப்பாவுக்கு முழங்காலில் சேறு.

என் பெயர் கீத் ஆக்ராய்ட். யார்க்‌ஷயரில், ரேவன்ஷா என்ற ஊருக்கு மேலே, ஒரு செங்குத்தான பாதையின் உச்சியில் எங்கள் வீடு. முப்பத்தொரு வருஷம் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டேன். பிறகு பணி முடிந்தது. அன்றிலிருந்து பனிக்காகக் காத்திருக்கிறேன். ஒரு சுழிதான் குறைச்சல்.

என் மனைவி கிளெனிஸும் அதே வருஷம் பல் டாக்டரிடம் பார்த்த வரவேற்பாளர் வேலையை விட்டாள். இனி நாம் இருவரும் நாள் முழுக்க வீட்டில் இருப்போம் என்று கணக்குப் போட்டேன். அதில் ஒருவரைப் பற்றிய கணக்கு சரியாக இருந்தது. அவளுக்குத் திங்கள் நீச்சல். செவ்வாய் ஸ்பானிஷ் வகுப்பு. புதன் பழைய துணிக் கடையில் தொண்டு. வியாழன் பாட்டுக் குழு. வெள்ளி மலை நடை. சனிக்கிழமை, இந்த ஐந்து நாளும் பார்த்தவர்களை மறுபடி பார்க்கத் தேநீர். ஞாயிற்றுக்கிழமை களைப்பு.

எனக்கு ஒன்பது மணி என்றால் அவளுக்கு ஒன்பதேகால். இரவு வெப்பம் எவ்வளவு இறங்கியது என்று சொல்ல நான் சமையலறைக்குள் நுழையும்போது அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பாள். "மூணு புள்ளி இரண்டு" என்பேன். "நல்லது" என்பாள். எது நல்லது என்று கேட்பதற்குள் கதவு சாத்திவிடும். மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அங்கே எப்போதும் வெயில். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

நான் பனிக்கு ஏங்குவது விஞ்ஞான ஆர்வம் என்று ஊரில் நினைக்கிறார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான்கு அங்குலம் விழுந்தால் எங்கள் பாதையில் எந்த வண்டியும் இறங்காது. நீச்சல் கிடையாது, ஸ்பானிஷ் கிடையாது, துணிக் கடை கிடையாது. அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. பனி வேட்டைக்காரர்கள் என்று பெயர். இருநூறு பேர், இருநூறு சமையலறைகளில், தனித்தனியாக உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்ப்போம். அந்த வரைபடத்தில் பனி எப்போதும் பத்து நாள் தூரத்தில் இருக்கும். அது ஒன்பது நாளாகி நான் பார்த்ததில்லை. ஒருவர் புதரில் சிவப்புப் பழம் அதிகம் என்பார். இன்னொருவர் வாத்து சீக்கிரம் வந்துவிட்டது என்பார். அவர்களுடைய ஆசையில் மண்ணள்ளிப் போடுவது என் வேலை. அங்கே என் பட்டப்பெயர் கறார். நான் இல்லை என்றால் இல்லை. ஊர்க் கடை வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையிலும் வாரா வாரம் என் கையெழுத்தோடு வானிலை ஒட்டுவேன். அதைப் பார்த்துத்தான் ஊரில் துணி காயப்போடுவார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் கிளெனிஸ் ஒரு செய்தி சொன்னாள். ஸ்பெயினில், மாலகாவில், ஏதோ இசை விழாவாம். அவர்கள் குழுவைப் பாட அழைத்திருக்கிறார்களாம். பதினாறாம் தேதி வியாழக்கிழமை கிளம்பி, பத்து நாள். கணவன்மார்களும் வரலாம். "நீயும் வாயேன்" என்று அவள் கேட்டாள், அதை நான் மறைக்கவில்லை. ஒன்பது மணி அளவை யார் எடுப்பது என்று கேட்டேன். அவள் பயணப் பெட்டியை இறக்க மாடிக்குப் போனாள்.

பத்து நாள். அந்த வீட்டில் பத்து நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போகும் லட்சணத்தைப் பார்த்திருக்கிறேனே. காற்றழுத்தம் எங்கே தாழ்ந்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், வானிலை தெரிந்தவன், என் நிலை தெரியாமல் ஒரு காரியம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வரைபடத்தைப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. இணையக் குழுவில் எழுதினேன்: "வியாழன் மேற்குக் காற்று, தூறல், ஏழு டிகிரி. பனிக்கு வாய்ப்பே இல்லை. யாரும் கனவு காண வேண்டாம். கறார்." அனுப்பிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பெரிய எழுத்தில் எழுதினேன்: "வியாழக்கிழமை கடும் பனி. எட்டு அங்குலம் வரை. பாதைகள் மூடிக்கொள்ளும். பயணம் வேண்டாம். கே. ஆக்ராய்ட்."

இருபத்து மூன்று வருஷத்தில் என் முதல் பொய். பலகையில் குத்தும்போது குண்டூசி இரண்டு முறை கீழே விழுந்தது.

என் திட்டம் எளிமையானது. பாட்டுக் குழுவின் தலைவி மாட்ஜ் ஒரு பயந்தாங்கொள்ளி. மேகம் கறுத்தாலே ஒத்திகையை ரத்து செய்கிறவள். எட்டு அங்குலம் என்று படித்தால் மாலகாவையே மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் கடையில் ரொட்டி தீர்ந்தது. பால் தீர்ந்தது. மெழுகுவத்தியும் தீர்ந்தது. கீழ்ப் பண்ணை வில்ஃப் தன் டிராக்டருக்கு முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டிவிட்டான். குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனாலும் நம்மை ஊர் இவ்வளவு நம்புகிறதே என்று ஒரு பக்கம் பூரிப்பு.

மறுநாள் நீச்சலிலிருந்து வந்ததும் கிளெனிஸ் கேட்டாள்.

"வியாழக்கிழமை பனியாமே?"

"ஆமா."

"எவ்வளவு?"

"எட்டு அங்குலம்."

"நிச்சயமா, கீத்?"

"வரைபடத்துல அப்படித்தான் இருக்கு."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ தப்பாச் சொல்லி நான் பார்த்ததே இல்லை."

கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷத்தில் இவ்வளவு பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதுவும் நான் சொன்ன ஒரே பொய்க்கு. அவள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் போனில் பேசினாள். பயணம் ரத்தாகிறது என்று எனக்குப் புரிந்தது. பெரிய சூப் பானையை எடுத்துத் தேய்த்தேன். பட்டாணியை ஊறப் போட்டேன். இரண்டு பேருக்கு, ஒரு வாரத்துக்கு. வியாழக்கிழமை தூறல் விழும்போது என்ன சமாதானம் சொல்வது என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஆறு புள்ளி எட்டு. சொல்வதற்காக உள்ளே வந்தேன். வாசலில் பெட்டி நின்றது. அதன் பக்கத்தில் வெயில் தொப்பியோடு என் மனைவி நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மாலகாவுக்கு."

"வியாழக்கிழமைதானே?"

"வியாழக்கிழமை பாதை மூடிக்கும்னு நீதானேப்பா சொன்னே? அதான் மாட்ஜ் எல்லாத்தையும் ரெண்டு நாள் முன்னாடி மாத்திட்டா."

ஒன்பதேகாலுக்கு மினி பஸ் வந்தது. உள்ளே பத்தொன்பது பெண்கள். என்னைக் கண்டதும் கை தட்டினார்கள். மாட்ஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நான் மட்டும் இல்லையென்றால் எல்லோரும் பனியில் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நன்றி சொன்னாள். கிளெனிஸ் என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து ஏறிக்கொண்டாள். பஸ் பாதையில் இறங்கும்போது அவர்கள் எனக்காக ஒரு பாட்டுப் பாடினார்கள். நான்கு குரல்களில், மிகவும் நன்றாகவே பாடினார்கள். வளைவு வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை யாரும் என்னோடு பேசவில்லை. நானும் யாரோடும் பேசவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் காற்று திரும்பியிருந்தது. வடகிழக்கு. வெப்பமானி பூஜ்யம் புள்ளி நான்கு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குட்டித் தாழ்வழுத்தம் யாருக்கும் சொல்லாமல் தெற்கே நழுவியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் பனி இதழ் என் கோட்டுக் கையில் விழுந்தது. சாயங்காலம் அளவுகோலை நட்டுப் பார்த்தேன். ஒன்பதரை அங்குலம்.

ஊரில் நான் தீர்க்கதரிசி ஆகிவிட்டேன். வில்ஃப் பனிக்கு நடுவே முழங்கால் வரை புதைந்து ஏறி வந்து என் கையைக் குலுக்கினான். பெரிய சாலையில் பனியைத் தள்ளவே நான்கைந்து நாள் ஆகும், என் பாதை கடைசியில்தான் என்றும் சொன்னான். கடைக்காரர் என் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போடப்போகிறாராம். இணையக் குழுவில் நடந்தது வேறு. பதினான்கு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு வந்த பனியை இருநூறு பேரும் கொண்டாடினார்கள், நடுநடுவே கறாரின் ஏழு டிகிரி எங்கே, தூறல் எங்கே என்று கேட்டுக்கொண்டார்கள். பொய் சொன்ன இடத்தில் மாலை, உண்மை சொன்ன இடத்தில் செருப்படி. கம்ப்யூட்டரை மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பதினொன்றேகால் அங்குலம். என் நோட்டில் இதுவரை எழுதாத அளவு. சமையலறைக்குள் வந்து, "பதினொண்ணேகால்" என்றேன். குளிர்சாதனப் பெட்டி உறுமியது. ஒன்பதேகால் ஆயிற்று. யாரும் பூட்ஸ் மாட்டவில்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. பனிக்கு அந்தக் குணம் உண்டு, எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். முன்பு அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பட்டாணி சூப்பைச் சூடு செய்தேன். சனிக்கிழமையும் அதே சூப். ஞாயிற்றுக்கிழமை பானையில் பாதி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கிளெனிஸ். பின்னால் தட்டுகளின் சத்தம், சிரிப்பு, யாரோ ஸ்பானிஷில் பாடுவது.

"பனி விழுந்துடுச்சாமே. சந்தோஷமா இருக்கியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லை" என்று வந்தது. வந்தது வந்துவிட்டது என்று மீதியையும் சொன்னேன்.

"நான் பொய் சொன்னேன், கிளெனிஸ். வரைபடத்துல பனியே இல்லை."

"தெரியும். மேற்குக் காற்று, தூறல், ஏழு டிகிரி. கம்ப்யூட்டரைச் சமையலறை மேஜையில திறந்து வெச்சுட்டுத்தானே நோட்டீஸ் ஒட்டப் போனே."

"தெரிஞ்சுமா கிளம்பினே?"

"ரெண்டு நாள் முன்னாடியே போய் வெயில்ல உட்காரலாம்னு டிசம்பர்லேர்ந்து மாட்ஜ்கிட்டக் கெஞ்சிக்கிட்டிருந்தோம். மசியவே இல்லை. உன் நோட்டீஸைப் படம் பிடிச்சு அனுப்பினேன். ஒரே நிமிஷத்துல சரின்னுட்டா."

ஏன் பொய் சொன்னாய் என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துப் பத்து டிசம்பரைச் சொன்னேன். பாதை மூடிக்கொண்டு பதினோரு நாள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மின்சாரம் கிடையாது. கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கையை இழுத்துப் போட்டுத் தூங்கினோம். அவள் சமையலறைக் கத்தரிக்கோலால் எனக்கு முடி வெட்டினாள். பனி இதழுக்கு ஏன் ஆறு முனை என்று நான் அவளுக்கு விளக்கினேன். அதுவரை இருந்த எட்டு வருஷ நோட்டுகளையும், முதல் பக்கத்திலிருந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் நான் காத்திருந்தது பனிக்காக இல்லை, அந்தப் பதினோரு நாளுக்காக என்று சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தம் அடங்கியது. எங்கோ தள்ளிப் போய் நின்றுகொண்டாள் போலிருக்கிறது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"முதல் மூணு நாள் எனக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துது, கீத்" என்றாள் மெதுவாக.

"அப்புறம்?"

"பன்னிரண்டாம் நாள் காலையில வில்ஃப் வந்து பாதையைத் திறந்தான் இல்லையா? அவன் டிராக்டர்லயே தொத்திக்கிட்டுப் போய்த்தான் நான் பாட்டுக் குழுவில பேர் கொடுத்தேன்."