பின் சீட்டும் ஒரு டப்பா கற்பூரமும்

அக்காள் புருஷன் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது. எனக்குச் சுத்தமாகக் கிடையாது. அதனால்தான், மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய புதிதில், காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டு வாசலில் அத்தான் சொந்தமாக ஒரு விமானம் கட்டியபோது, அதன் பின் சீட்டு எனக்கென்று முடிவானது.

எல்லாம் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்த சாமான். மரச்சட்டம், துணி, ஒரு குட்டி இஞ்சின். (அத்தான் அதுவரை கட்டிய ஒரே பொருள் கோழிக்கூடு. அதில் கோழிகளே தங்கவில்லை.) சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி, அது விறைப்பாக நிற்க வார்னிஷ் போன்ற ஒரு மருந்தைப் பூசினார். அந்த வாடையில் தெருமுனை வரை தலை சுற்றும்.

"மச்சான், ஞாயித்துக்கெழம நீ பின்னால ஒக்காரு. ஒன் வெயிட்டு இருந்தாத்தான் நேரா பறக்கும்."

தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்புறம், எடை குறைந்து விமானம் கவிழ்ந்துவிட்டால் என்று பயந்து, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்காள் அழவில்லை. "எனக்கு இருக்கறது ஒரு புருஷன், ஒரு தம்பி. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போறீங்க," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை கடைசிப் பூச்சை முடித்துவிட்டு அத்தான் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். புது வண்டியில் பூசை போடாமலா ஏறுவது என்று எனக்குத் திடீரென்று தோன்றியது. (சைக்கிளுக்கே போடுகிறோம்!) அத்தானுக்கு இதெல்லாம் பிடிக்காது. அக்காளிடம் கேட்டேன். அவள் கற்பூர டப்பாவை அப்படியே கையில் கொடுத்துவிட்டாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் கற்பூரத்தை ஏற்றி, முருகா காப்பாத்து என்று ஈரம் காயாத இறக்கைக்குக் காட்டினேன்.

முருகன் உடனே காப்பாற்றிவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் இறக்கை முழுக்கத் தீ. நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். வீடு பிழைத்தது அவர்களால்தான். அக்காளும் வாளி கொண்டுவந்தாள். அவ்வளவு நிதானமாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை.

அத்தான் திரும்பி வந்து, கரிந்த சட்டங்களுக்கு நடுவில் நசுங்காமல் கிடந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும், பூசையன்று அத்தான் கற்பூர டப்பாவைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "மச்சானுக்கு எலுமிச்சம்பழம் மட்டும்," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அக்காள் என் இலையில் மட்டும் ஒரு வடை கூடுதலாக வைப்பாள். ஏனென்று அத்தான் இதுவரை கேட்டதில்லை.