சிவப்புக் காருக்குச் சட்டை போட்ட ரேடியம் அண்ணன்

திருப்பூரில் காற்றோடு நேரடியாகப் பகை வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரே மனிதர் ரேடியம் அண்ணன்தான். புயல், சூறாவளியையெல்லாம் அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அவருடைய எதிரி, ஸ்டிக்கருக்கு அடியில் கடுகளவு மாட்டிக்கொள்கிற காற்று. அந்தக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. எதிரே மந்திரியே வந்து நின்றாலும் கண் அதைவிட்டு நகராது.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சந்து முனையில் அவருக்கு ஸ்டிக்கர் கடை. வண்டிக்கு நம்பர் ஒட்டுவது, கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவது, ‘அம்மா ஆசி’, ‘முருகன் துணை’ எல்லாம் இருட்டில் பளபளக்க ரேடியத்தில் வெட்டிக் கொடுப்பது. ரேடியம் வெட்டுகிறவர் என்பதால் ரேடியம் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், “அது எதுக்குங்க தம்பி, ரேசன் கார்டுல பத்திரமா இருக்குதுங்க” என்பார். ரேஷன் கார்டும் பத்திரமாகத்தான் இருந்தது. முன்னும் பின்னும் அண்ணன் கண்ணாடி ஃபிலிம் ஒட்டியிருந்ததால், ரேஷன் கடைக்காரர் அதில் பேனாவால் எழுத முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அவரோடு கல்யாணப் பந்தியில் உட்காருவது தனி அனுபவம். இலையில் அப்பளம் விழுந்ததும் முகம் மாறிவிடும். அவ்வளவு கொப்புளம்! கட்டை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கி உடைத்து, அப்பளத்தைச் சமதளம் ஆக்கிய பிறகுதான் சாம்பாரையே தொடுவார். அதற்குள் பந்தி பாயசத்துக்கு வந்திருக்கும்.

பெண் பார்க்கப் போன கதை இதைவிட மோசம். காபித் தட்டோடு பெண் வந்து குனிந்திருக்கிறார். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் விறுவிறுவென்று எழுந்து போய், பெண்ணின் நெற்றியில் நகத்தை வைத்து ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் கல்யாணம் பண்ணிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. “அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க, இந்த மனுசன் கையில எது ஒட்டுனாலும் உடாதுன்னு” என்று அந்த அக்கா சிரிப்பார்.

நான் அப்போது அண்ணன் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு இமெயில் போடுவது, பட்டன் நிறம் மாறிவிட்டால் பையரிடம் ஒரு முறை, முதலாளியிடம் ஒரு முறை திட்டு வாங்குவது, இதுதான் உத்தியோகம்.

எங்கள் கம்பெனியில் இரண்டு முதலாளிகள். அப்பா பெரியவர், மகன் சின்னவர். சின்னவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வந்த வேகத்தில் சென்னையிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்துவிட்டார். தக்காளிச் சிவப்பு. இரண்டே இரண்டு சீட். தரையிலிருந்து நாலு விரல் உயரம். கம்பெனி வாசலில் அது வந்து நின்றபோது தையல் பெண்கள் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். பெரியவர் மட்டும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இதுல துணி ரோலு ஒண்ணாச்சும் வெக்க முடியுமா?” என்று கேட்டார்.

முதல் வாரமே ஜல்லி ஏற்றிப்போன டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டி, பானெட்டில் மிளகளவு பெயின்ட் பெயர்ந்துவிட்டது. வலது ஹெட்லைட்டில் ஒரு கீறல். பெரியவர் சத்தமே போடாமல்தான் சொன்னார். அதுதான் பயம்.

“இன்னொரு புள்ளி உழுந்துச்சுன்னா அடுத்த நாளே வித்துப்போடுவேன். காரை ஓட்டறதுக்கு வாங்குனியா, அழுகறதுக்கு வாங்குனியா?”

சின்னவர் என் மேஜைக்கு வந்தார். வெளிநாட்டில் காருக்கு மேலே கண்ணுக்கே தெரியாத ஃபிலிம் ஒன்று ஒட்டுகிறார்களாம். கல் பட்டாலும் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஹெட்லைட்டும் மஞ்சள் பூக்காது. பையரிடம் சொல்லி வரவழைக்க வேண்டும். நான் ‘கிளியர் ஃபிலிம் உடனே தேவை’ என்று இமெயில் போட்டேன். பனியன் கம்பெனி கேட்டால் என்ன அனுப்புவார்கள்? பத்து நாளில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பனியன் போடுகிற பாலிதீன் கவர், சைஸ் வாரியாக. அப்புறம் காரைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் உண்மையான ரோல் வந்தது. ஒரே ஒரு ரோல். அளவெடுத்தால் காருக்குச் சரியாக இருக்கும், ஒரு சாண் மிச்சம் வராது.

“யாருங்க ஒட்டறது?” என்றார் சின்னவர்.

நான் யோசிக்காமல் ரேடியம் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அண்ணன் வந்தார். காரைப் பார்க்கவில்லை. கம்பெனி ஷெட்டின் நடுவில் நின்று, பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து அந்தரத்தில் இரண்டு நிமிஷம் விரித்துப் பிடித்தார். பிறகு சின்னவரிடம் காட்டினார். துணி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் தூசி.

“இது ஊரா, தலகாணியா? இந்த ஊருல எங்க வெச்சு ஒட்டுனாலும் ஃபிலிமுக்கு அடியில பனியன் மொளைச்சுருமுங்க.”

அப்புறம் ஒரு வாரம் அந்தக் கறுப்புத் துணியோடு ஊரையே சுற்றினோம். அவர் மொபட்டை ஓட்ட, பின்னால் நான். பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபம், ஐஸ் ஃபேக்டரி எல்லாம் பார்த்தாயிற்று. பல் ஆஸ்பத்திரி ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது இரண்டாவது மாடி.

கடைசியில் இடம் கிடைத்தது. பல்லடம் பக்கத்தில் சின்னவரின் மச்சான் ஒருவர் ஹேச்சரி வைத்திருந்தார். கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். புதிதாகக் கட்டின ஹால் ஒன்று முட்டை வைக்காமல் காலியாக இருந்தது. உள்ளே வருகிற காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள். அண்ணன் துணியைப் பிடித்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். துணி கன்னங்கரேலென்று இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மச்சான் மூன்று நாள் கொடுத்தார். “நாலாம் நாளு முட்டை வந்துருமுங்க. காரு இருந்தாலும் அது மேலயே அடுக்கிப்போடுவேன்.”

ஹேச்சரிக்குள் போக வேண்டுமென்றால் யாரானாலும் குளித்து, உடை மாற்றித்தான் போக வேண்டும். வண்டியானால் வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி ஏற வேண்டும். ஊரிலேயே விலை உயர்ந்த கார், கோழித் தீவன வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்று கிருமிநாசினியில் கால் நனைத்தது. போதாததற்கு அண்ணன் தன் சட்டம் ஒன்றையும் போட்டார்.

“பனியன் போட்டவங்க ஒருத்தரும் உள்ள வரக்கூடாதுங்க. பருத்தியே ஆகாது.”

“அப்ப எதைப் போடறதுங்க?” என்றார், ஆயிரக்கணக்கில் பனியன் தைத்து உலகத்துக்கே அனுப்புகிற சின்னவர்.

“ரெயின்கோட்டு.”

சித்திரை மாத வெயிலில், கோழிக்குஞ்சுகள் பக்கத்து ஹாலில் கீச்கீச்சென்று கத்த, மூன்று பேர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் காரைச் சுற்றி நின்றோம். என் உடம்பில் இருந்த தண்ணீர் எல்லாம் அந்த மூன்று நாளில் போய்விட்டது.

ஆனால் அண்ணன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் அடிப்பார், ஃபிலிமைப் போர்த்துவார், ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தண்ணீரையும் காற்றையும் விரட்டுவார். வளைவு வந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி இழுத்து மாட்டுவார். “கொஞ்சம் கைய தூக்குங்க கண்ணு, ஆச்சு, ஆச்சு” என்று காரிடம் பேசுவார். எங்களிடம் பேசமாட்டார். நான் தும்மப் போனேன் என்பதற்காக என்னை ஒரு மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம். வலது ஹெட்லைட் மட்டும் பாக்கி. ஃபிலிமும் அந்த அளவுக்கு ஒரு துண்டுதான் பாக்கி. ஒட்டி முடித்தார். ரப்பரைக் கீழே வைத்தார். நாங்கள் கை தட்டினோம். அவர் தட்டவில்லை. ஹெட்லைட்டுக்கு முன்னால் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னண்ணே, என்னாச்சு?”

விரலால் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போன பிறகு தெரிந்தது. ஃபிலிமுக்கு அடியில், மஞ்சளாக, இமை முடியில் பாதி நீளத்துக்கு ஒரு கோழிக்குஞ்சு முடி. பக்கத்து ஹால் கதவை யாரோ திறந்திருக்க வேண்டும். பஞ்சுக்குப் பயந்து பல்லடம் வந்தவரைக் கோழிக்குஞ்சு பிடித்துவிட்டது.

“அட, இது யாரு கண்ணுக்கும் தெரியாதுங்க” என்றார் சின்னவர்.

“என்ற கண்ணுக்குத் தெரியுதுங்களே.”

பிரித்தால் ஃபிலிம் கிழிந்துவிடும், வேறு துண்டும் கிடையாது. அரை மணி நேரம் அவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு தன் சாமான்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, “பெரியவரை நானே பாத்துச் சொல்லிப்போடறனுங்க” என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். இவர் மூடமாட்டார்.

மறுநாள் காலையில் கம்பெனி வாசல். பெரியவர், துணியில் இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியோடு வந்தார். பானெட்டில் வைத்துப் பார்த்தார். கதவு, கூரை, பின்பக்கம் எல்லாம் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்தில் லேசான ஏமாற்றம். அப்போது அண்ணன் முன்னால் வந்து, “இதைய உட்டுட்டீங்க. இங்க பாருங்க” என்று ஹெட்லைட்டைக் காட்டினார்.

பெரியவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். “என்னுங்க இது?”

“கோழிக்குஞ்சு முடிங்க. என்ற தப்புத்தானுங்க. இது ஃபர்ஸ்ட் குவாலிட்டி இல்லீங்க. செகண்ட்ஸ்.”

எங்கள் ஊரில் ஒரு தையல் விட்டுப்போன பனியனைத்தான் செகண்ட்ஸ் என்று தள்ளி வைப்போம். காரை அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவர் நிமிர்ந்தார். அந்த மனிதர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சிரித்தார்.

“இத்தனை வருசத்துல தப்பை நானே தேடிப் புடிச்சுத்தான் பழக்கமுங்க. தானா வந்து காமிச்ச மொத ஆளு நீங்கதான்.” உடனே பழைய முகம் வந்துவிட்டது. “ஆனா கல்லு தாங்குதான்னு பாக்கோணும். எடுறா வண்டிய” என்றார் மகனைப் பார்த்து.

தாராபுரம் ரோட்டில்தான் ஜல்லி லாரிகள் வரிசையாக ஓடும். காரில் இரண்டே சீட் என்பதால் அப்பாவும் மகனும் காரில், அண்ணனும் நானும் பின்னால் மொபட்டில். ஸ்போர்ட்ஸ் காரை மொபட் விரட்ட முடியுமா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் சின்னவர் காரை நிறுத்தி, குறுக்கே திருப்பி, அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்கினார். இரண்டு இடத்தில் நாங்கள் காத்திருந்தோம்.

அவிநாசிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் டிப்பர் கிடைத்தது. தார்ப்பாய் போடாமல், ஜல்லி துள்ளிக்கொண்டு போகிறது. பெரியவர் கையை ஆட்டி ‘போ, போ’ என்பது பின் கண்ணாடியில் தெரிந்தது. கார் லாரியை நெருங்கியது.

டொக். டொக்.

இரண்டு கல் பானெட்டில் விழுந்தன. என் முன்னால் இருந்த முதுகு அந்தச் சத்தத்துக்கு இரண்டு தடவை துடித்தது. அடுத்த நொடி மொபட் சீறியது. “அண்ணே, எங்க போறீக!” என்று நான் கத்தக் கத்த, காரைத் தாண்டி, லாரிக்கும் காருக்கும் நடுவில் வண்டியைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டார். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அகல விரித்துக் காருக்கு மறைப்புக் கட்டினார். எனக்கு முழங்காலில் ஒன்று. அவருக்கு நெற்றியில் ஒன்று.

பெரியவரே ஹாரனை அமுக்கி எல்லோரையும் ஓரம் கட்ட வைத்தார். இறங்கி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? கல்லு உழுகோணும்னுதான ஒட்டுனீங்க?”

அண்ணன் நெற்றியில் ரத்தம் கோடாக இறங்கியது. “ஆமாங்க. ஒட்டறப்ப அப்படித்தானுங்க நெனச்சேன். உழுகறதைப் பாத்தா மனசு கேக்கலீங்க.”

பெரியவர் பானெட்டைப் பார்த்தார். கல் பட்ட இடத்தில் பூதக்கண்ணாடியை வைத்தார். ஒரு புள்ளி இல்லை. “கார் இருக்கட்டும்” என்று மகனிடம் ஒரே வார்த்தையில் முடித்தார். பிறகு அவிநாசிபாளையம் மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி, டீக்கடை பெஞ்சில் அண்ணனை உட்கார வைத்து, தன் கையாலேயே நெற்றியில் ஒட்டிவிட்டார். ஏகப்பட்ட இழை எண்ணிய கைதான், ஆனால் ஒட்டத் தெரியவில்லை. கோணல்மாணலாக, நடுவில் இரண்டு சுருக்கம், ஒரு பெரிய கொப்புளம். நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை ஒரு தடவை நெற்றிக்குப் போனது. பாதியில் திரும்பிவந்து டீ கிளாஸை எடுத்துக்கொண்டது. நாலு நாள் அந்தப் பிளாஸ்திரியோடுதான் கடையில் உட்கார்ந்திருந்தார்.

அதெல்லாம் முடிந்து நான் திருப்பூரைவிட்டு வந்தும் ரொம்ப நாள் ஆயிற்று. அண்ணன் இப்போதும் அதே சந்து முனையில்தான் கடை வைத்திருக்கிறார். என்னிடம் இப்போது ஒரு கார் இருக்கிறது. நாலு பக்கமும் கீறல், மஞ்சள் பூத்த ஹெட்லைட், பானெட் முழுக்கக் கல்லடி. ராயபுரம் போகும்போதெல்லாம் அதை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்ததாகப் பொய் சொல்லிக்கொண்டு நடந்துதான் போகிறேன். பார்த்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார்.