ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கையெழுத்து

அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் பத்து நாள் லீவில், ஒரு துரும்பைக்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவதில்லை என்று அவர் தீர்மானம் எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை. சாயங்காலமே அதற்கு ஆபத்து வந்துவிட்டது. அதுவும் சுவர் வழியாக.

"என்னங்க, இந்த ஹாலைப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"பதினெட்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பாத்த லட்சணம்! போன வாரம் எங்க ஸ்கூல் டீச்சர் வந்து சுவர்ல சாஞ்சு உக்காந்தாங்க. எழுந்து போறப்போ பாதிச் சுவரை முதுகுல எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மீதிப் பாதி நமக்கு இருக்கில்ல?"

அவள் சிரிக்கவில்லை. அவள் கணக்கு டீச்சர். மீதியைப் பற்றி அவளிடம் யாரும் பேச முடியாது.

"உங்க லீவு சமயத்துலயே பெயிண்டரை வரச் சொல்லிடலாம்" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலோரம் சாய்வு நாற்காலி. பக்கத்தில் ஸ்டூலில் நாலு நாவல்கள், ஒவ்வொன்றும் தலையணைக்கு ஆகும் அளவு தடி. மூன்று வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த லீவு. இந்த மூன்றையும் ஒன்று சேர்ப்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம். நடுவில் ஒருத்தன் ஏணியோடு வந்து நிற்பதா?

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஆபீசில் கொள்முதல் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நிபந்தனை எழுதுவார்கள். கேட்டவரே வேண்டாம் என்று ஓடிவிடுவார்.

"தாராளமா அடிக்கலாம்மா" என்றார் அவர். "ஆனா எதையும் முறையா செய்யணும். நான் நிபந்தனை எழுதித் தர்றேன். அதுக்கு எந்தப் பெயிண்டர் ஒத்துக்கிறாரோ, அவர் வரட்டும்."

"எழுதுங்க" என்றாள் அவள்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதே அவரை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். படுத்தவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இருபத்தொரு நிபந்தனைகள் தயார். அவற்றில் பதினாலாவது, அவரே இரண்டு தடவை படித்து ரசித்தது. சுரண்டுவது, பட்டி பூசுவது, பிரைமர், முதல் கோட்டு, இரண்டாவது கோட்டு என்று ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரர் நான்கு சுவர்களையும் நேரில் பார்த்து, கையால் தடவி, சுவருக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த கட்டத்தைத் தொடலாம். முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரர் நிற்பதை எந்தப் பெயிண்டர்தான் பொறுத்துக்கொள்வார்?

முதலில் வந்த பெயிண்டர் ஆறாவது நிபந்தனை வரை படித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான்.

இரண்டாமவர் பதினொன்று வரை தாக்குப்பிடித்தார். "சார், பெயிண்ட் அடிக்கணும்னு சொன்னது இந்த வீட்டுக்கா, இல்ல ஏதாவது ராக்கெட்டுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் என்னம்மா செய்யறது? தொழில் தெரிஞ்ச ஆள் யாரும் இல்லையே!"

மூன்றாவது பெயிண்டர் சனிக்கிழமை வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருபத்தொன்றையும் விரல் வைத்துப் படித்தார். பதினாலுக்கு மட்டும் திரும்பிப் போனார்.

"அம்மா, இதை எழுதினது யாரு?"

"சார்தான்."

பெயிண்டர் எழுந்து நின்றார். "சார், உங்களை மாதிரி ஒரு வீட்டுக்காரரைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருந்தேன்."

"என்னது?"

"வேலை நடக்கறப்போ ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க சார். எல்லாம் முடிஞ்சு ஏணியை மடக்கறப்போ வந்து, இங்க மேடு, அங்க பள்ளம்பாங்க. மறுபடி முதல்லேருந்து சுரண்டு! நீங்க அப்பப்போ கையெழுத்துப் போட்டுட்டா எனக்கு ஒரு வம்பும் இல்ல. திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்துடறேன்."

"திங்கட்கிழமையா? அன்னிக்குத்தான் எனக்கு லீவு..."

"அதனாலதாங்க திங்கட்கிழமை" என்றாள் மனைவி. "ஸ்கூல்ல பரீட்சை, எனக்கு ஒரு நாள் லீவு கிடைக்காது. வேலை நடக்கறப்போ வீட்டுல இருக்கச் சொல்லி உங்களை எப்படிக் கேக்கறதுன்னு ஒரு வாரமா முழிச்சுக்கிட்டிருந்தேன். கேக்காமயே எழுதிக் குடுத்துட்டீங்க. தங்கமான மனசு!"

தங்கமான மனசுக்காரர் திங்கட்கிழமை சாய்வு நாற்காலியைத் தானே தூக்கிப் பின்பக்கத்து பால்கனியில் போட்டார். அரை மணி நேரத்தில் அதன்மேல் பட்டி வாளி ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் அடுப்படி வாசலில் நின்றபடியே நாவலைப் பிரித்தார்.

"சார்! முதல் சுவர் சுரண்டியாச்சு."

தடவினார். கையெழுத்துப் போட்டார். நாவலுக்குத் திரும்பினார்.

"சார்! ரெண்டாவது சுவர்."

மூன்று நாளில் அவர் படித்தது நாவலின் முதல் பக்கம். பதினோரு தடவை. கதாநாயகன் ரயிலைவிட்டு இறங்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பாக்கியிருந்த பன்னிரண்டு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுக் காகிதத்தைப் பெயிண்டரிடம் நீட்டினார். "இந்தாங்க. நீங்க பாட்டுக்கு அடிங்க. நான் உங்களை நம்பறேன்."

சாயங்காலம் காகிதம் மனைவி கையில் இருந்தது.

"ஏங்க, இன்னும் அடிக்காத பெயிண்டை நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

அது நேரே போய்த் தைத்தது. சர்வீசில் பார்க்காமல் ஒரு காகிதத்தில்கூட அவர் பேனாவை வைத்ததில்லை. வெடுக்கென்று வாங்கிக் கிழித்துப் போட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெயிண்டருக்கு முன்னால் அவர் ஹாலில் நின்றார், கையில் புதுக் காகிதமும் டார்ச்சுமாக.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால், ஒளிந்திருக்கும் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பெயிண்டர் சொல்லிக்கொடுத்தது. அவருக்குப் பிடித்துப் போயிற்று. "இங்க ஒண்ணு!" என்று கத்துவார். "கண்ணா சார் இது!" என்று பெயிண்டர் உப்புத்தாளோடு ஓடிவருவார். நாவலை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

எட்டாம் நாள் கடைசிக் கையெழுத்து. வெளிர் மஞ்சளில் ஹால் வழுவழுவென்று நின்றது. பெயிண்டர் ஏணியை மடக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் மனைவியின் அண்ணன் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, பிரமாதம்! நீங்களே கூட இருந்து பாத்தீங்களாமே?"

அதோடு விட்டிருக்கலாம். அவர் டார்ச்சை எடுத்துவந்து முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னார்.

மைத்துனர் கிளம்பியதும் சாய்வு நாற்காலி ஜன்னலோரத்துக்குத் திரும்பியது. அவர் சாய்ந்தார். கால்களை நீட்டினார். முழுசாக இரண்டு நாள் பாக்கி. நாவலில் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். கதாநாயகன் ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைத்தான்.

"என்னங்க."

"ம்."

"அண்ணன் வீட்டுல நாளைக்குப் பெயிண்ட் வேலை ஆரம்பிக்கிறாங்க. நம்ம பெயிண்டர்தான். நீங்க நின்னு பாத்தா அண்ணிக்குத் தைரியமா இருக்குமாம். அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பதறவில்லை. கையில் பலமான காரணம் ஒன்று இருந்தது. "உங்க அண்ணன் வீடு மூணு மாடிம்மா! எனக்கு இருக்கறது ரெண்டே நாள். ரெண்டு நாள்ல மாடிப்படியைக்கூடச் சுரண்ட முடியாது!"

"அதையேதான் நானும் யோசிச்சேன். உங்க மேனேஜருக்குப் போன் பண்ணி இன்னும் பதினஞ்சு நாள் லீவு கேட்டேன்."

"அவரா? என் லீவை மூணு தடவை திருப்பி அனுப்பினவர். குடுத்துட்டாலும்!"

"கேட்டு வாய் மூடறதுக்குள்ள குடுத்துட்டாருங்க. ஒரு மாசமாவே எடுத்துக்கச் சொல்றார். நீங்க இல்லாததால செக்‌ஷன்ல வேலையெல்லாம் மளமளன்னு நடக்குதாம்."