மண்மூடிய ஊரும் மோகனூர்ச் சம்பந்தமும்

சென்னை, செவ்வாய்

மதிப்பிற்குரிய சிவக்குமார் மாமாவுக்கு,

மருமகன் நந்தகுமார் வணங்கி எழுதுவது. நான் நலம். ஆய்வேடும் நலம், வளரவில்லை. அத்தையின் முழங்கால் எப்படி? போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள். ஆகவே கடிதம்.

ஞாயிறன்று மோகனூரில் பெண் பார்க்க ஏற்பாடு செய்தது நீங்கள். கெடுத்தது நான். பெண்ணின் அப்பா மணியன் ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுபவர். "தம்பி என்னங்க ஆராய்ச்சி பண்றீங்க?" என்றார். பெண், ரஞ்சிதா, கதவருகே நின்றாள். பிடித்திருந்தது. அதனால் அதிகம் பேசிவிட்டேன். துனீசியாவில் ஒரு பழைய ஊர், ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கிறிஸ்தவ ஆயர் பீடம், அதாவது பிஷப்பின் ஆசனம், சபை பிளந்ததில் ஒரே ஊருக்கு இரண்டு ஆயர்கள், இரண்டு கட்சி, கார்த்தேஜில் கூடிய சபையில் ஒருவரையொருவர் பார்த்து "இவரைத் தெரியும்" என்றதோடு சரி, இன்று ஊரே இல்லை, வெறும் மண், ஆனாலும் ரோமில் இன்றும் அந்தப் பெயருக்கு ஓர் ஆயரை நியமிக்கிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல பஜ்ஜி ஆறியது.

பெண்ணின் அத்தை பொன்னாத்தாள், "ஊரே இல்லீங்களாமா, பட்டம் மட்டும் எதுக்குங்க?" என்றார். பிறகு மெதுவாக, "நீங்க வேதத்துல சேந்துட்டீங்களா சாமி?"

"இல்லைங்க, மதம் மாறலை. படிக்கிறேன்."

மணியனின் கவலை வேறு. "அந்த ஊர்ல தண்ணி எத்தன அடீல இருந்துச்சுங்க?"

தெரியாது என்றேன்.

"மூணு வருசமாப் படிக்கறீங்க, தண்ணி தெரியலீங்களா? நானு ஒரே நாள்ல சொல்லிப்போடுவேன்!"

எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வரவில்லை. கூட வந்த அம்மா பேருந்து நிலையம் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நான் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆயர்கள் பேசியதையெல்லாம் படித்திருக்கிறேன். அவர்கள் எதைக் குடித்தார்கள் என்று கேட்டதில்லை. சண்டையைத் தவிர அந்த ஊரில் எதையுமே பார்த்ததில்லை.

ஆகவே மாமா, அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் முன் நாமே முந்திக்கொண்டு, ஜாதகம் சேரவில்லை என்று நாகரிகமாகச் சொல்லிவிடுங்கள். எனக்குக் கல்யாணம் வேண்டாம். வேறு இடமும் பார்க்க வேண்டாம்.

குட்டி மோனிஷாவுக்கு என் அன்பு. நீங்கள் அனுப்பிய திருநீறு வந்தது, பூசிக்கொண்டேன்.

தங்கள்,
நந்தகுமார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரஞ்சிதா போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க, ஊருல ரெண்டு கட்சின்னீங்களே. ஒரு கட்சிப் பொண்ண இன்னொரு கட்சி ஊட்டுக்குக் குடுப்பாங்களா?" எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பாத்துச் சொல்லுங்க. அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாள். பேராசிரியரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆகவே மாமா, மேலே எழுதிய ஜாதகக் கதையைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பதில் கிடைக்கும்வரை தினமும் கேட்பாளாம். ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயம் தொடங்கிவிட்டேன்.